முதுகு மெத்தை

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பயிருக்கு மருந்து தெளிக்கிற விமானம். ஒரே ஓர் ஆள்தான் உட்காரலாம். முன்னால் பெரிய மூக்கு, வயிற்றில் மருந்துத் தொட்டி, வாலுக்கு அடியில் கையகலத்தில் ஒரு சக்கரம். தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு தவளை குந்தியிருப்பது போலத்தான் இருக்கும். நெட்டையான ஆண்பிள்ளையைத் தவிர வேறு யாரும் இதில் ஏறப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டுத்தான் இதைச் செய்தவர்கள் செய்திருக்கிறார்கள். இருக்கை முன்னாலும் நகராது, மேலேயும் ஏறாது. கட்டிப்போட்ட மாடாவது கயிறு அளவுக்கு நகரும்.

அதில்தான் சுண்டு ஏற வேண்டியிருந்தது.

சுண்டு என்பது வீட்டில் வைத்த பெயரில்லை, தெருவில் வைத்தது. சுண்டுவிரல் அளவுதான் இருக்கிறாள் என்று சின்ன வயதில் யாரோ சொல்ல, அதுவே ஒட்டிக்கொண்டது. அவளுடைய அப்பா அந்த விமானத் திடலில் பிட்டர்; எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதும் அவர் வேலை. அம்மா வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு பஸ், லாரி, டிராக்டர் இருக்கைகளுக்கு மெத்தை தைக்கிறவள். தெருவுக்கு அவள் தையலம்மா. அவர்கள் வீட்டுக்குள் போகிறவர்கள் நாலைந்து டிரைவர் சீட்டுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மாவும் மகளும் ஒரே உயரம், ஒரே பருமன். ஒருத்தி செருப்பை இன்னொருத்தி போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று வாரம் ஒரு சண்டையாவது நடக்கும்.

சுண்டு விமானம் ஓட்டப் படித்துத் தேறியவள். படித்த விமானத்தில் இருக்கையை முன்னே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் வாத்தியாரும் இருப்பார். இங்கே இரண்டும் கிடையாது. இங்கே வேலை காலியானதற்கும் ஒரு கதை உண்டு. முன்பு ஓட்டிய நெட்டையன், மின்கம்பியில் சக்கரம் மாட்டி வயலில் விழுந்தான். உயிர் பிழைத்தான், இப்போது தடி ஊன்றி நடக்கிறான். விமானத்தைப் பிட்டர் நிமிர்த்திச் சரி செய்தார். இருக்கையின் உறை மட்டும் தையலம்மாவிடம் வந்தது. அதிலிருந்த கறையைச் சோப்புப் போட்டுக் கழுவியவள் அவள்தான். கழுவிய தண்ணீர் வாசல் சாக்கடையில் போய்ச் சேரும்வரை நின்று பார்த்தாள். அதே இருக்கையில் தன் மகள் உட்காரப் போகிறாள் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால், கழுவியிருக்க மாட்டாள், கொளுத்தியிருப்பாள்.

முதலாளி முன்பு விமானம் ஓட்டியவர். கண் மங்கியதும் இறங்கிவிட்டார். ஆள் பனைமரம், பேச்சு மட்டும் பஞ்சு. சுண்டுவை முதன்முதலாக அந்த இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்த அன்று அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.

"பாப்பா, முன்னாடி என்ன தெரியுது?"

"மீட்டர் பலகை தெரியுதுங்க. அதுக்கு மேல வானம் தெரியுது."

"தரை?"

"தரை எங்க தெரியும், நான் என்ன ஒட்டகமா?"

பிட்டர் அவளுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியை வைத்தார். இப்போது பக்கவாட்டில் தரை தெரிந்தது, மூக்கின் ஓரமும் தெரிந்தது. ஆனால் உயர ஏறியதில் கால் அந்தரத்தில் தொங்கியது. விமானத்தின் வாலைத் திருப்புவது காலடியில் இருக்கும் இரண்டு பெடல்கள்தான். வலது காலால் மிதித்தால் வலப்பக்கம், இடது காலால் மிதித்தால் இடப்பக்கம். தரையில் ஓடும்போது பிரேக்கும் அதே பெடலில், நுனிக்காலில். பெடல் எட்டாதவள் ஓடுபாதையில் நேராகப் போக முடியாது. பெட்டியை எடுத்துவிட்டு முன்னால் சறுக்கி இறங்கினால் கால் எட்டியது, தரை மறைந்தது.

"கண்ணு இருந்தா காலு இல்ல, காலு இருந்தா கண்ணு இல்ல," என்றார் முதலாளி. "என்ன பிட்டரே, முடியுமா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பொண்ணு ஆசையா இருக்கு."

 பிட்டர் வேலை இருந்தால் வாயைத் திறக்காத ஆள். மகளின் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவில் தன் விரல்களைக் கொடுத்து அளந்தார். பிறகு பூட்ஸைப் போடச் சொல்லி மறுபடி அளந்தார். அலுமினியத்தில் இரண்டு கட்டைகள் கடைந்து, பெடலின் மேல் திருகிப் பூட்டுவது, பிரேக்குக்கு நுனியில் தனி நாக்கு வைப்பது, அடியில் ஓர் உயர மெத்தை, முதுகுக்கு ஒரு மெத்தை. இந்த நாலும் சேர்ந்தால் கண்ணும் இருக்கும், காலும் இருக்கும். இப்படி மாற்றுவதற்கு மேலிடத்து அனுமதியும் முதலாளி வாங்கினார். கட்டைகள் பிட்டரின் பொறுப்பு. மெத்தைகள் யார் பொறுப்பு என்று கேட்க வேண்டியதே இல்லை.

"என்னால முடியாது," என்றாள் தையலம்மா.

அவர்கள் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் காற்று அடித்தால் மூன்று பேருமே காது கொடுத்துக் கேட்பார்கள். மூன்று பேரும் கேட்காத மாதிரி இருப்பார்கள்.

"ஏம்மா முடியாது? டிராக்டருக்குத் தைக்கிற, லாரிக்குத் தைக்கிற," என்றாள் சுண்டு.

"டிராக்டர் வானத்துல போகாது. லாரி வானத்துல போகாது."

"நீ தைக்கலன்னா அப்பா வேற ஆள்கிட்ட குடுப்பாரு."

"குடுக்கட்டும். எம் பொண்ணைப் பாடையில ஏத்துறதுக்கு நானே மெத்தை தைக்கணுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.  பிட்டர் முட்டைத் தோலை ஒன்றாகக் கூட்டித் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நெட்டையனுக்கு என்ன குறைச்சல்? அவன் காலு எட்டுச்சு, கண்ணு எட்டுச்சு. அவனே விழுந்தான்," என்றாள் தையலம்மா, குரலை இறக்கி.

"அவன் கம்பியைப் பார்க்கல," என்றார் பிட்டர்.

"இவ பார்ப்பாளா?"

"இவ பயப்படுறவ. பயப்படுறவ பார்ப்பா."

சுண்டு தலையைத் தூக்கினாள். "ஆமாம்மா. எனக்குப் பயமே இல்லன்னு யாரு சொன்னா உனக்கு? தினமும் வயித்தைக் கலக்குது. அதுக்காக ஏறாம இருக்க முடியுமா? வேற எதுலயும் எனக்கு மனசு நிக்கலயே."

அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. தட்டுகளைக் கழுவும்போது தையலம்மா, "அளவு சொல்லுங்க," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பிட்டர் அளவு சொன்னார். முதுகு மெத்தைக்கு மட்டும் கூடவே ஒன்று சொன்னார். "ஸ்பாஞ்ச் நல்ல கெட்டியா இருக்கணும். பலகை மாதிரி."

ஏன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த மனிதரிடம் ஏன் என்று கேட்டுப் பதில் வாங்கிய அனுபவம் அவளுக்குக் குறைவு.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவள் ஸ்பாஞ்சை விரித்து, கையில் சாக்குக்கட்டியோடு உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் வழியாக ஸ்பாஞ்சின் மேல் விழுந்திருந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டால் போதும். மெத்தை மெலியும், கால் எட்டாது, முதலாளி உதட்டைப் பிதுக்குவார், பெண் தரையிலேயே இருப்பாள். தையலில் இதெல்லாம் சகஜம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாக்குக்கட்டி அந்த இடத்தில் போய் நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சீ," என்று தன்னையே திட்டிக்கொண்டு, சரியான இடத்தில் கோடு போட்டு வெட்டினாள்.

வெட்டியதைத் தன் முதுகுக்கு வைத்துச் சுவரில் சாய்ந்து பார்த்தாள். பலகைதான். எலும்பு உறுத்தியது. காலையிலிருந்து மாலைவரை இதில் சாய்ந்தால் என் பெண் முதுகு என்னாகும் என்று நினைத்தாள். அவளிடம் வந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற டிரைவர்கள் கொஞ்சமா? எல்லோருக்கும் அவள் செய்கிற வைத்தியம் ஒன்றுதான்: அடியில் கெட்டி, மேலே மெத்தென்று ஓர் அடுக்கு. அவள் தைத்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் வேறு ஆளிடம் போவதில்லை. கை பழகிய வேலை. கெட்டி ஸ்பாஞ்சில் இரண்டு விரற்கடை சீவி எடுத்துவிட்டு, அதே கனத்துக்கு மெத்தென்ற ஸ்பாஞ்சை மேலே ஒட்டினாள். மொத்த அளவு இம்மி பிசகவில்லை. அதன் மேல் ரெக்சினை இழுத்துப் பிடித்துத் தைத்தாள். பிட்டர் வந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ரெக்சின் விறைப்பில் விரல் இறங்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் சுகமாக இருக்கட்டுமே என்று வைத்ததை அவள் சொல்லவில்லை. பயத்தோடு தைத்ததில் அது ஒன்றுதான் அவளுக்குச் சந்தோஷம் தந்த தையல்.

பறக்க வேண்டிய நாள் காலையில் மூடுபனி இருந்தது. அது விலகும்வரை எல்லோரும் பட்டறையில் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். தையலம்மா திடலுக்கு வருகிறவள் இல்லை. அன்று, மெத்தையைக் கட்டுகிற வார் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் வந்தாள். வந்தவள் பட்டறை வாசலில் இருந்த மர பெஞ்சில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.

பிட்டர் கட்டைகளைப் பூட்டியிருந்தார். சுண்டு ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினாள். முதலாளி இறக்கையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சோதித்தார்.

"வலது, முழுசா. ம். இடது, முழுசா. பிரேக்கு? ரெண்டும் சேர்த்து. ம். முன்னாடி என்ன தெரியுது?"

"எல்லாம் தெரியுதுங்க. உங்க வழுக்கை கூடத் தெரியுது."

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்று முதலாளி வழுக்கையைத் தடவிக்கொண்டு விலகினார்.

சுண்டு அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். தையலம்மா தூக்கவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று இருந்தாள். "போயிட்டு வா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தொட்டியில் மருந்து இல்லை, வெறும் விமானம். எஞ்சின் உறுமி, புல்லெல்லாம் பின்னால் சாய்ந்து படுத்தது. விமானம் கிளம்பி ஓடியது. கொஞ்ச தூரம் நேராகத்தான் ஓடியது. பிறகு அதன் மூக்கு இடப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. மெதுவாக, கோணலாக, ஓடுபாதையை விட்டு, எண்ணெய் பீப்பாய்கள் அடுக்கியிருந்த பக்கமாக.

"வலது," என்றார் பிட்டர், பக்கத்தில் யாரோ இருப்பது போல. "வலது கால். வலது, வலது!"

சக்கரம் புல்லில் இறங்கியது. பீப்பாய்களுக்கு முன்னால் விமானம் ஒரு துள்ளு துள்ளி, விழப்போவது போல் தாழ்ந்து, பிறகு எழுந்தது. பீப்பாய்களின் மேல் அதன் நிழல் ஓடியது. தையலம்மா கண்ணை மூடியிருந்தாள். சத்தம் தேயவில்லை, தொடர்ந்து கேட்டது. அதை வைத்துத்தான் மகள் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டாள்.

பிட்டர் கை ரேடியோவை எடுத்தார். அவர் பேசுவதற்கு முன்பே அதில் சுண்டுவின் குரல் வந்தது. மூச்சு வாங்கியது.

"அப்பா, வலது கால் முழுசா போகல. எட்டல."

"தரையில எட்டுச்சே?"

"தரையில எட்டுச்சுப்பா. எஞ்சின் வேகம் எடுத்ததும் பெடல் கனத்துடுச்சு. நான் அழுத்தி மிதிச்சா பெடல் போகல, என் முதுகு உள்ள போகுது."

பிட்டர் முதலாளியைப் பார்த்தார். "முதுகு எப்படி உள்ள போகும்? கெட்டி ஸ்பாஞ்சு ஆச்சே. அதுக்குத்தானே கெட்டியா வைக்கச் சொன்னேன். அழுத்தி மிதிக்கையில முதுகுக்கு முட்டு வேணும்னு."

 தையலம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையை அவர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம்.

"ஏங்க," என்றாள். "அதுல மேல கொஞ்சம் மெத்துனு வச்சிருக்கேன்."

"என்ன?"

"ரெண்டு விரற்கடை. மெத்து ஸ்பாஞ்சு. முதுகு வலிக்குமேன்னு."

பிட்டர் அவளை அதுவரை பார்க்காத மாதிரி பார்த்தார். கோபம் கூட இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் ரொம்பத் தணிவாகக் கேட்டார்: "வேணும்னே செஞ்சியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஜன்னல் வெயிலில், தப்பான இடத்தில் நின்ற சாக்குக்கட்டி ஞாபகம் வந்தது. சீ என்று திட்டி விரட்டிய நினைப்பு நிஜமாகவே போனதா, இல்லை கைக்குள் ஒளிந்துகொண்டு வேலை செய்ததா? சொல்லிக்கொள்ள அவளுக்கு எந்தச் சாட்சியும் இல்லை.

"தெரியலங்க," என்றாள். "சத்தியமா எனக்குத் தெரியல."

முதலாளி குறுக்கிட்டார். "அதெல்லாம் அப்புறம். காத்து எழும்புது, பாருங்க." கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பை அதுவரை தொங்கியது, இப்போது குறுக்காக உப்பிக்கொண்டிருந்தது. "இறங்கும்போது இன்னும் காலு வேணும். குறுக்குக் காத்துல சக்கரம் தொட்டதும் சுத்திவிட்டுடும். லேட்டாக ஆக மோசம்."

மேலே விமானம் வட்டமிட்டது. அவ்வளவு சின்னதாக இருந்தது, தெருவில் வைத்த பெயர் அதற்கும் பொருந்தியது. பிட்டர் ரேடியோவை வாயருகே கொண்டுபோனார்.  மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற குரலில் பேசினார்.

"சுண்டு, கேளு. சறுக்கி இறங்கினா காலு எட்டும் இல்ல?"

"எட்டும். ஆனா ஒண்ணும் தெரியாதுப்பா."

"சக்கரம் தொடுற வரைக்கும் நிமிர்ந்து உட்காரு. பார்த்து இறக்கு. தொட்டதும் பெல்ட்டைத் தளர்த்திச் சறுக்கிடு. காலு முழுசா குடு. பார்க்காதே. நான் பார்த்துச் சொல்றேன்."

"நீங்க சொல்றதை வச்சு மிதிக்கிறதா?"

"ஆமா."

ரேடியோ கரகரத்தது. "சரிப்பா," என்றாள். சின்னக் குரல். பிறகு, "அம்மா இருக்காளா?" என்றாள்.

"இருக்கா."

"அவளை உள்ள போகச் சொல்லுங்க. பார்க்க வேண்டாம்."

பிட்டர் ஓடுபாதையின் முனையை நோக்கி ஓடினார். விமானம் எந்த முனையில் வந்து இறங்குமோ அந்த முனைக்கு. எதிர்முனையில் நின்றால் அது அவரைப் பார்த்து வரும், அவருடைய வலது அவளுக்கு இடதாகிவிடும். அது முதுகைக் காட்டிக்கொண்டு அவரைவிட்டுப் போக வேண்டும், அப்போதுதான் அவர் வலது அவளுக்கும் வலது. அந்தப் பதற்றத்திலும் அவருக்கு இது தோன்றியது. தையலம்மா உள்ளே போகவில்லை. செருப்பு ஒன்று கழன்று விழ, அவர் பின்னால் ஓடினாள்.

விமானம் தாழ்ந்து வந்தது. காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அவர்கள் தலைக்கு மேலே போகும்போது சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. தையலம்மாவால் சக்கரத்தைப் பார்க்க முடிந்தது, அதில் ஒட்டியிருந்த புல்லைக்கூடப் பார்க்க முடிந்தது. கண்ணை மூடக் கூடாது, மூடினால் விழுந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. மூடவில்லை.

சக்கரம் தொட்டது. புழுதி எழுந்தது.

"சறுக்கு!" என்றார் பிட்டர். "வலது. இன்னும். இன்னும் மிதி. விடு. இடது கொஞ்சம். போதும். வலது, வலது, வலது. விடாதே. அப்படியே. பிரேக்கு, ரெண்டும், மெல்ல. மெல்ல மிதி சுண்டு. இடது. மெல்ல..."

வால் ஒருமுறை பக்கவாட்டில் வீசியது. இறக்கை நுனி தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்தது. தையலம்மாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மிஷின் மிதித்துப் பழகிய கால், செருப்பில்லாத கால். விமானம் ஓடுபாதை ஓரத்துக்கு வந்து, புல்லில் ஒரு சக்கரத்தை இறக்கி, நின்றது. எஞ்சின் ஓய்ந்தது. பிட்டர் இன்னும், "மெல்ல, மெல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரேடியோவின் பொத்தானிலிருந்து விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அவர்கள் போய்ச் சேரும்போது சுண்டு இறங்கி, சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது. தையலம்மா அந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். 

"மெத்து வச்சது யாரு?" என்று கேட்டாள் சுண்டு.

"நான்தான்டி."

 "நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்றாள் சுண்டு. "தரையில இருந்த வரைக்கும்."

தையலம்மா அப்போதுதான் அழுதாள்.

முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "இன்னைக்குப் போதும் பாப்பா. வீட்டுக்குப் போய்ப் படு. மத்ததெல்லாம் நிதானமா பார்ப்போம்."

"இல்லங்க," என்றாள் சுண்டு. எழுந்திருக்க முயன்று, முடியாமல் திரும்ப உட்கார்ந்தாள். "இன்னைக்கு மறுபடி ஏறணும். ஏறலன்னா இனிமே ஏற மாட்டேன். எனக்குத் தெரியும். காத்து இறங்கட்டும், ஏறுறேன்."

விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து பட்டறை முன்னால் நிறுத்தினார்கள். பிட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த கெட்டி ஸ்பாஞ்சையும், பசையையும், ஊசி நூலையும் கொண்டுவந்தார். அவற்றையும், விமானத்திலிருந்து கழற்றிய முதுகு மெத்தையையும் பட்டறை பெஞ்சில், மனைவிக்குப் பக்கத்தில் வைத்தார். தைக்கச் சொல்லவில்லை. வைத்துவிட்டு விமானத்தின் அடியில் போய்ப் படுத்து எதையோ முறுக்க ஆரம்பித்தார்.

தையலம்மாவுக்கு நிலைமை நன்றாகப் புரிந்தது. இன்றைக்கு முடியாது, பசை காயவில்லை, ரெக்சின் கிழிந்துவிட்டது, மிஷினில்தான் தைக்க வேண்டும் என்று என்ன சொன்னாலும் இந்தத் திடலில் எதிர்த்துப் பேச ஆளில்லை. இந்த முறை சாக்குக்கட்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தக்கூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். பொழுது போய்விடும். பெண் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள், இன்றைக்கு ஏறாவிட்டால் இனி ஏற மாட்டேன் என்று. காலம் பூராவும் தரையில் இருப்பாள், செருப்புச் சண்டை போட்டுக்கொண்டு, பக்கத்திலேயே.

சுண்டு பட்டறைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய வலது கால் பூட்ஸுக்குள் அசைந்துகொண்டிருந்தது. மிதித்தது, விட்டது, மிதித்தது. மனசுக்குள் விமானத்தை மறுபடி மறுபடி இறக்கிக்கொண்டிருந்தாள்.

தையலம்மா ஊசியில் நூல் கோக்க முயன்றாள். நூல் காதில் ஏறவில்லை.  வாயில் வைத்து ஈரமாக்கி, மறுபடி முயன்று, கோத்தாள். ரெக்சினின் தையலைப் பிரித்தாள். மெத்தென்ற ஸ்பாஞ்சைப் பிய்த்து எடுத்துப் பெஞ்சில் போட்டாள். அந்த இடத்தில் கெட்டியை ஒட்டி, முட்டியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கையாலேயே தைத்து முடித்தாள். ஒரு தடவை ஊசி குத்தியது, உதறிக்கொண்டாள்.

முடித்ததும் மெத்தையை யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய் விமானத்துக்குள் ஏறினாள். ஏறத் தெரியாமல் ஏறினாள். முதலாளி கை கொடுத்தார். மெத்தையை வைத்து, வாரை இழுத்துக் கட்டி, அதில் சாய்ந்து உட்கார்ந்தாள். மகளின் உடம்பும் அவள் உடம்பும் ஒரே அளவு. காலை நீட்டினாள். கட்டைகள் பாதத்தில் வந்து பொருந்தின. எதிரே பெரிய மூக்கு, அதன் ஓரத்தில் ஒரு துண்டு தரை, மேலே ஒன்றுமில்லாத வானம். இதைத்தான் இவள் பார்த்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தாள். 

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "வாலைப் பிடிங்க."

பிட்டருக்கு உடனே புரிந்தது. வாலுக்குப் போய், திரும்புகிற அந்தத் தகட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, காலை ஊன்றிக்கொண்டார். காற்று கொடுக்கிற எதிர்ப்பை அவர் உடம்பு கொடுத்தது. காலையிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை.

"மிதி," என்றார்.

மிதித்தாள். பெடல் கனத்தது. முதுகு மெத்தையில் முட்டியது.

"இன்னும் மிதி. முழு பலத்தோட."

முழு பலத்தோடு மிதித்தாள். இத்தனை வருஷம் மிஷின் மிதித்த கால். முதுகு எங்கும் போகவில்லை. எலும்பு வலித்தது. பெடல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பின்னால் பிட்டரின் பூட்ஸ் தரையில் இழுபட்டுச் சறுக்குகிற சத்தம் கேட்டது. அவள் விடவில்லை. கடைசிவரை மிதித்தாள்.

"அமுங்கல," என்றாள்.

"தெரியுது," என்றார் பிட்டர். அவருக்கு மூச்சு வாங்கியது. வாலை விட்டுவிட்டு அவர் முன்னால் வந்து, அவள் இறங்குவதற்குக் கையை நீட்டினார். காலையில் கேட்ட கேள்வியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

காற்றுப்பை தொங்கிவிட்டது. சுண்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஏறுவதற்கு முன் மெத்தையைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கும்மா."

"இருக்கட்டும். வலிச்சா வந்து சொல்லு, தேய்ச்சு விடறேன்." பிறகு கேட்டாள்: "மருந்து தெளிக்கிற நாள்ல எத்தனை தடவைடி ஏறி இறங்குவ?"

சுண்டு தயங்கினாள். அப்பாவைப் பார்த்தாள். "அது நிறைய தடவைம்மா. தொட்டி தீரத் தீர இறங்கி, ரொப்பிக்கிட்டு மறுபடி ஏறணும். பொழுதுக்கும்."

பொழுதுக்கும். ஒவ்வொரு தடவையும் இந்தச் சத்தம், இந்தப் புழுதி. சீசன் முழுக்க. அடுத்த வருஷமும். தையலம்மா அதையெல்லாம் ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். பிறகு பட்டறை வாசலுக்குப் போய், தான் பிய்த்துப் போட்ட மெத்தென்ற ஸ்பாஞ்சை எடுத்து, புழுதியைத் தட்டி, அந்த மர பெஞ்சின் மேல் விரித்தாள். ஓடுபாதை முழுசாகத் தெரிகிற பக்கமாகத் திரும்பி, அதன் மேல் உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "போயிட்டு வா."